காரணிப்படுத்தல் என்னும் விடுகதை

“பெருக்கினா 6 வரணும், கூட்டினா 5 வரணும். அந்த ரெண்டு எண் எது?” பள்ளியில் இருபடிச் சமன்பாடு படித்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். முதல் பெஞ்சிலிருந்து யாராவது “2, 3” என்று சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் அதை வைத்து அடைப்புக்குறி போட்டு, விடையை அடிக்கோடிட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அந்த 2-ம் 3-ம் எப்படிக் கிடைத்தன என்று கேட்டால் “பழகப் பழக வந்துரும்” என்பதுதான் வழக்கமான பதில்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றிய விமர்சனம். என் குறை இதுதான்: இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு விடுகதை. அந்த விடுகதையை ஊகம் இல்லாமல் அவிழ்க்கும் வழி ஏறக்குறைய 3,700 வருஷமாக இருக்கு. அதைச் சொல்லாமல் பிள்ளைகளை ஊகிக்க விடுகிறோம். ஊகம் சட்டென்று வராத பிள்ளை, தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிக்கொள்கிறது. பத்தாம் வகுப்பில் இப்படி எடுக்கும் முடிவு பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது என்பது வரைக்கும் போகும்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. தெரியாத எண்ணை இங்கே ‘ய’ என்று எழுதப்போகிறேன். பாஸ்கரர் போன்றவர்கள் தெரியாத எண்ணை ‘யாவத்-தாவத்’ என்று சொல்லி, சுருக்கமாக ‘யா’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே இது நான் கிளப்பிவிட்ட புதுப் பழக்கம் இல்லை.

இரண்டு படிகள்

ய² + 5ய + 6 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். காரணிப்படுத்தும் முறையில் இரண்டு படி இருக்கு. முதல் படியில் இடப்பக்கத்தை (ய + 2)(ய + 3) என்று உடைக்கிறோம். இரண்டாவது படியில், இரண்டு எண்களைப் பெருக்கி 0 வந்தால் அவற்றில் ஒன்றாவது 0 ஆக இருக்கணும் என்ற காரணத்தைச் சொல்லி, ய = −2 அல்லது ய = −3 என்கிறோம்.

இரண்டாவது படி அருமையான யோசனை, அதற்குப் பின்னால் வருகிறேன். எனக்குப் பிரச்சினை முதல் படியில். அங்கே ‘முறை’ என்று ஒன்று கிடையாது. 6-இன் காரணிகளை எழுதிப் பார், எந்த ஜோடியைக் கூட்டினால் 5 வருதோ அதை எடு. வரலைன்னா? வரலைன்னா என்ன அர்த்தம் என்று அந்தப் பாடத்தில் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் பயிற்சிக் கணக்கு எல்லாமே வரும்படிதான் அமைத்திருக்கும்.

எவ்வளவு தூரம் அப்படி அமைக்க வேண்டியிருக்கு என்று எண்ணிப் பார்த்தேன். ய²-இன் கெழு 1. ய-வின் கெழுவும் மாறிலியும் −10 முதல் 10 வரையுள்ள முழு எண்கள். மாறிலி 0 என்றால் ய-வைப் பொதுவாக வெளியே எடுத்துவிடலாம், விடுகதைக்கே வேலையில்லை, அவற்றை விட்டுவிடுவோம். மீதி 21 × 20 = 420 சமன்பாடுகள். இவற்றில் முழு எண்களாக உடையக்கூடியவை 55 மட்டும். 86 சமன்பாடுகளுக்கு மெய்யெண் தீர்வே கிடையாது. மிச்சமுள்ள 279-க்கு மெய்யெண் தீர்வு இருக்கு, ஆனால் காரணிகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதாவது தீர்வுள்ள 334 சமன்பாடுகளில் ஆறில் ஒன்றுதான் விடுகதைக்கு மசியும். சின்னச் சின்ன எண்களிலேயே இந்த நிலைமை என்றால் பெரிய எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சமையல் மற்ற பாடங்களுக்குள்ளும் போகிறது. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை மேலே எறிகிறோம், அது 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் 5ய² − 20ய + 15 = 0. விடை 1 விநாடி, 3 விநாடி என்று பளிச்சென்று வரும். 9.8 என்றே வைத்தால் 4.9ய² − 20ய + 15 = 0. விடை சுமார் 0.99, 3.09. பந்து ஒன்றுதான், எறிந்த கையும் ஒன்றுதான். ஆனால் காரணிப்படுத்தல் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது கணக்கைத் தொடவே வழியில்லை.

24-க்குப் பக்கத்து வீட்டில் 23

ஒரு முறையை எடைபோட நல்ல வழி, கணக்கைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பது. ய² + 10ய + 24 = 0 என்றால் 4, 6 என்று உடனே சொல்லிவிடலாம். மாறிலியை 23 ஆக்கினால்? 23 பகா எண். இருக்கிற ஜோடி 1, 23 ஒன்றுதான், கூட்டினால் 24. கதை முடிந்தது. 24-க்கு இவ்வளவு சுலபமாக வந்த விடை 23-க்கு ஏன் காணாமல் போகிறது என்பதற்கு விடுகதை முறையில் பதிலே இல்லை.

இப்போது ஊகிக்காமல் யோசிப்போம். இரண்டு எண்களின் கூட்டல் 10. அப்படியென்றால் அவற்றின் சராசரி 5. ஒன்று 5-க்கு மேலே எவ்வளவு தள்ளி இருக்கோ, மற்றது 5-க்குக் கீழே அதே அளவு தள்ளி இருக்கணும். அந்தத் தூரத்தை ‘த’ என்று வைத்தால், எண்கள் 5 + த, 5 − த. இவற்றைப் பெருக்கினால் 25 − த². இது எட்டாம் வகுப்பிலேயே பார்த்த முற்றொருமை. பெருக்கல் பலன் 24 ஆகணும் என்றால் த² = 1, த = 1. எண்கள் 6, 4. ஊகத்துக்கு இடமே வரவில்லை.

23 என்றால் த² = 2. எண்கள் 5 + √2, 5 − √2. அவ்வளவுதான். காணாமல் போன விடை 4-க்கும் 6-க்கும் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றுகொண்டிருந்தது.

இப்போது மாறிலியை 21-லிருந்து 26 வரை வரிசையாக மாற்றிப் பாருங்க. த² முறையே 4, 3, 2, 1, 0, −1. மாறிலி ஏற ஏற இரண்டு எண்களும் 5-ஐ நோக்கி நெருங்கி வருகின்றன. 25-இல் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 26-இல் த² எதிர்மறையாகி, மெய்யெண்களில் தீர்வு இல்லாமல் போகிறது. தன்மைகாட்டி என்று தனிப் பாடமாக நடத்தி, மூன்று வகை என்று மனப்பாடம் செய்யச் சொல்வது இந்த நகர்வைத்தான். விடுகதை முறை இந்த ஆறில் 21, 24, 25 என்ற மூன்றை மட்டும் பார்க்கும். நடுவில் இருப்பவை அதன் கண்ணில் படாது.

விடுகதை கேட்கும் இரண்டு எண்களும் சமன்பாட்டின் தீர்வுகளும் குறியில் மாறி வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 24-க்கு எண்கள் 4, 6. தீர்வுகள் −4, −6.

களிமண் பலகையில் ரயில் கணக்கு

இந்தச் சராசரி வழி யாருடைய கண்டுபிடிப்பு? பெயர் தெரியாத யாரோ ஒருவருடையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகச் சேகரிப்பில் ஒய்.பி.சி. 6967 என்ற எண்ணுள்ள பழைய பாபிலோனியக் களிமண் பலகை இருக்கு. அதில் உள்ள கணக்கு இது: இரண்டு எண்கள், ஒன்றின் பெயர் இகும், மற்றதன் பெயர் இகிபும். பெருக்கினால் 60. இகிபும் இகுமைவிட 7 அதிகம். அவை என்ன?

பலகை சொல்லும் வழி: 7-ஐப் பாதியாக்கு, 3½. அதை அதாலேயே பெருக்கு, 12¼. 60-ஐச் சேர், 72¼. அதன் வர்க்கமூலம் 8½. அதோடு 3½-ஐ ஒரு தடவை கூட்டு, ஒரு தடவை கழி. 12, 5.

நம்ம பாஷையில் இது ய² + 7ய − 60 = 0. நாம் பிள்ளைகளிடம் கேட்கிற அதே விடுகதைதான். ஆனால் பாபிலோனிய மாணவன் 60-இன் காரணிகளைப் பட்டியல் போடவில்லை, பாதியாக்கினான்.

ஏன் பாதியாக்கினான் என்பதற்குப் பலகையில் தனியாக விளக்கம் இல்லை. டென்மார்க் வரலாற்றாளர் யென்ஸ் ஹொய்ரூப் இந்த வகைப் பலகைகளின் சொற்களைக் கவனித்து, இவை வெட்டி ஒட்டும் வேலை என்று காட்டினார். பரப்பு 60 உள்ள ஒரு செவ்வகம். நீளம் அகலத்தைவிட 7 அதிகம். அந்த அதிகப்படியான 7 அகலத் துண்டை நடுவில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால், ஒரு மூலை மட்டும் குறைபட்ட சதுரம் கிடைக்கும். குறையும் மூலை 3½-க்கு 3½. அதை நிரப்பினால் பரப்பு 72¼ உள்ள முழுச் சதுரம். பக்கம் 8½. ஒரு காகிதமும் கத்தரிக்கோலும் இருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே இதைச் செய்து காட்டலாம். ‘வர்க்கப் பூர்த்தி’ என்ற பெயரின் அர்த்தமும் இதுதான்: சதுரத்தை நிரப்புவது.

இதை நம்ம ஊர்ப் பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் ரயில் கணக்கோடு வைத்துப் பார்ப்போம். ஒரு ரயில் 360 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. மணிக்கு 5 கி.மீ. கூடுதலாகப் போயிருந்தால் 1 மணி நேரம் மிச்சம். வேகம் என்ன? சுருக்கினால் ய² + 5ய − 1800 = 0. அதாவது பெருக்கினால் 1800, வித்தியாசம் 5. எண்களை மாற்றினால் இது அந்தக் களிமண் பலகைக் கணக்கேதான். 1800-க்கு 18 காரணி ஜோடிகள் இருக்கு. பரீட்சை ஹாலில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பதும், 5-ஐப் பாதியாக்கி 6.25, அதோடு 1800, ஆக 1806.25, மூலம் 42.5, எனவே 45-ம் 40-ம் என்று நாலு வரியில் முடிப்பதும் வேறு வேறு அனுபவம்.

“1806.25-க்கு யார் வர்க்கமூலம் எடுப்பது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த முறையில் அரைகள் வரும், வர்க்கமூலம் வரும், கை கொஞ்சம் அசங்கும். ஆனால் 5-இல் முடியும் எண்ணை வர்க்கப்படுத்தும் குறுக்குவழி நம்ம பிள்ளைகள் பலருக்குத் தெரியும்: 42 × 43 = 1806, பின்னால் 25 சேர்த்தால் 425-இன் வர்க்கம். அது தெரியாவிட்டாலும் வர்க்கமூலம் எடுக்க வகுத்தல் முறை என்று ஒன்று பாடத்திலேயே இருக்கு. அதில் எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பது தெளிவு. காரணி தேடலில் எப்போது நிறுத்துவது என்பதே தெரியாது.

கடைசியில் வந்தது முதலில்

வரலாற்று வரிசையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பாபிலோனியர்களுக்குப் பிறகு, கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இருபடிச் சமன்பாட்டுக்கு விதி எழுதுகிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி, ய² + 10ய = 39 என்ற புகழ்பெற்ற கணக்கைச் சதுரம் வரைந்து நிரப்பித் தீர்க்கிறார்: 10-இல் பாதி 5, அதன் வர்க்கம் 25, 39-உடன் சேர்த்தால் 64, மூலம் 8, 5 போக 3. ஸ்ரீதரர் கொடுத்த வழி, பின்னால் பாஸ்கரர் எடுத்துச் சொன்னதால் நமக்குக் கிடைத்திருக்கு: இரண்டு பக்கத்தையும் முதல் கெழுவின் நாலு மடங்கால் பெருக்கு, நடுக் கெழுவின் வர்க்கத்தைச் சேர், பிறகு மூலம் எடு. பின்னங்களே வராமல் சதுரத்தை நிரப்பும் சாமர்த்தியம் அது.

எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளி, 0-க்குச் சமமாக வைத்து, அடைப்புக்குறிகளின் பெருக்கலாக உடைத்துப் பார்ப்பது எப்போது வருகிறது? இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் இறந்து பத்து வருஷம் கழித்து, 1631-இல் வெளியான அவருடைய நூலிலும், 1637-இல் தெக்கார்த்தின் வடிவியல் நூலிலும்தான் அந்தப் பார்வை அச்சில் நிலைபெறுகிறது. சதுரத்தை நிரப்புவதற்கும் இதற்கும் நடுவில் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. நாம் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அந்த வரிசையில் கடைசியில் வந்தது.

வரலாற்று வரிசையில்தான் பாடம் நடத்தணும் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் குறை எண்களுக்காகப் பிள்ளைகளைப் பல நூற்றாண்டு காக்க வைக்கணும். ஆனால் ஒரு யோசனை இவ்வளவு தாமதமாக வந்தது என்றால் அது வெளியே தெரிவதுபோல் எளிமையானது இல்லை என்று அர்த்தம். 0-க்குச் சமமாக வைப்பது ஏன் என்று ஒரு பிள்ளை விழித்தால், அந்த விழிப்பில் நியாயம் இருக்கு.

2019-இன் ‘புது முறை’

சராசரி வழி உலகம் முழுக்கப் பேசப்பட்டது 2019 கடைசியில். கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் போ-ஷென் லோ, இருபடிச் சூத்திரத்துக்கு ஓர் எளிய நிரூபணம் என்று ஒரு சிறு கட்டுரையை ஆர்க்சைவ் தளத்தில் போட்டார். செய்தித்தாள்கள் அதைப் பிடித்துக்கொண்டு, இருபடிச் சமன்பாட்டுக்குப் புது வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிற தொனியில் எழுதின.

புதுசு என்று சொல்ல அதில் எவ்வளவு இருக்கு? பாதியாக்குவது பாபிலோனியருடையது. தீர்வுகளின் கூட்டலும் பெருக்கலும் கெழுக்களோடு சேர்ந்திருக்கும் உறவு பதினாறாம் நூற்றாண்டின் வியேத்தாவோடு சம்பந்தப்பட்டது. இதே மாதிரியான வழியை 1989-இல் ஜான் சாவேஜ் என்பவர் ஆசிரியர்களுக்கான அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார். லோவும் முன்னோர்களை மறைக்கவில்லை. ஆரவாரம் பெரும்பாலும் செய்தி எழுதியவர்களுடையது. கணக்கு என்ற வகையில் பார்த்தாலும், 25 − த² = 24 என்று எழுதுவதும் (ய + 5)² = 1 என்று எழுதுவதும் ஒரே சட்டையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும்தான்.

இருந்தாலும் லோவின் கட்டுரையில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்திருக்கு. ஒன்று தர்க்கம். பல புத்தகங்கள் ‘தீர்வுகள் இருக்கின்றன’ என்று முதலிலேயே எடுத்துக்கொண்டு, அவற்றின் கூட்டல் இது, பெருக்கல் இது என்று போகும். லோ திருப்பிப் போடுகிறார்: இந்தக் கூட்டலும் பெருக்கலும் உள்ள இரண்டு எண்களைக் கண்டுபிடித்துவிட்டால், காரணிகள் கிடைத்துவிடும், அதனால் தீர்வுகளும் கிடைத்துவிடும், அந்த எண்களை எப்போதும் கண்டுபிடிக்கலாம். எதையும் முன்கூட்டி நம்பத் தேவையில்லை. இரண்டாவது, பிள்ளை ஏற்கெனவே சிக்கி நிற்கிற இடத்திலிருந்தே, அந்த விடுகதையிலிருந்தே, வழி தொடங்குகிறது. புதுப் பாடம் என்று மிரள வேண்டியதில்லை.

குறையும் உண்டு. முதல் கெழு 1 ஆக இல்லாவிட்டால் முழுச் சமன்பாட்டையும் அதால் வகுக்கணும், பின்னங்கள் குவியும். அந்த இடத்தில் ஸ்ரீதரரின் யோசனை மேல்.

நடு உறுப்பைப் பிரிப்பது ஏன்?

முதல் கெழு 1 இல்லாத கணக்குகளில்தான் மனப்பாடம் உச்சத்துக்குப் போகிறது. 6ய² + 7ய − 20 = 0. “6-ஐயும் −20-ஐயும் பெருக்கு, −120. பெருக்கினா −120, கூட்டினா 7.” விடை 15, −8. நடு உறுப்பை 15ய − 8ய என்று பிரித்து, இரண்டிரண்டாகச் சேர்த்து, (2ய + 5)(3ய − 4).

எதற்காக 6-ஐயும் 20-ஐயும் பெருக்கணும்? அவை எதிரெதிர் முனையில் கிடக்கும் எண்கள், அவற்றைப் பெருக்க என்ன காரணம்? பெரும்பாலான வகுப்புகளில் இதற்கு விளக்கம் கிடைப்பதில்லை. காரணம் சின்னது. இரண்டு பக்கத்தையும் 6-ஆல் பெருக்கினால் 36ய² + 42ய − 120 = 0. இதில் 6ய என்பதை ஒரே எண்ணாக, ‘ப’ என்று வைத்தால், ப² + 7ப − 120 = 0. −120 வந்த வழி இதுதான். ஸ்ரீதரரும் இதே மாதிரி பெருக்கித்தான் பின்னத்தைத் தவிர்த்தார். இனி சராசரி: எண்கள் 3.5 + த, 3.5 − த. 12.25 − த² = −120, த² = 132.25, த = 11.5. எண்கள் 15, −8. ஆகவே ப = −15 அல்லது 8; 6-ஆல் வகுத்தால் ய = −5/2 அல்லது 4/3. 120-க்கு இருக்கும் எட்டு ஜோடிகளைக் குறியோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலை மிச்சம்.

வெட்டின இடம் சரியில்லை

2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் என்று மூன்றும் வரிசையாக இருக்கு. வரிசை பற்றி எனக்குக் குறை உண்டே தவிர, சங்கிலி அறுபடவில்லை. மத்தியப் பாடத்திட்டத்தில் அது அறுந்துவிட்டது. 2022-இல் பாடச் சுமையைக் குறைக்க என்.சி.ஈ.ஆர்.டி. வெளியிட்ட நீக்கல் பட்டியலில், பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டு அத்தியாயத்தின் வர்க்கப் பூர்த்திப் பகுதியும் சேர்ந்திருந்தது. சுருக்கிய புத்தகத்தில் காரணிப்படுத்தல் முடிந்ததும் மூலங்களின் தன்மைக்குப் போய்விடுகிறார்கள். சூத்திரம் அங்கே நேராக வந்து நிற்கிறது. எந்த வழியாக வந்தது என்று கேட்டால், வந்த வழியைத்தான் வெட்டியாச்சு.

சுமையைக் குறைக்கணும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூன்றில் ஒன்றை எடுக்கணும் என்றால், மற்ற இரண்டையும் தாங்கி நிற்கும் ஒன்றையா எடுப்பது? வர்க்கப் பூர்த்தி தெரிந்தால் சூத்திரத்தை அரைப் பக்கத்தில் வருவிக்கலாம், விடுகதைக்கும் விடை காணலாம். விடுகதையும் சூத்திரமும் மட்டும் கையில் இருந்தால், ஒன்று அதிர்ஷ்டம், மற்றது மனப்பாடம். பதினொன்றாம் வகுப்பில் வட்டத்தின் சமன்பாட்டுக்கு மையம் கண்டுபிடிக்கும்போதும், பிறகு தொகையிடும்போதும் வர்க்கப் பூர்த்தி திரும்பத் தேவைப்படும். அப்போது அதை அவசர அவசரமாக ஊட்ட வேண்டியிருக்கும். சுமை குறையவில்லை, அடுத்த வகுப்பின் தலைக்கு மாறியிருக்கு.

காரணிப்படுத்தலின் உண்மையான பலம்

இவ்வளவு சொன்ன பிறகு, காரணிப்படுத்தலையே தூக்கிப் போடு என்று சொல்கிறேனோ என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது படியைப் பற்றிப் பின்னால் வருகிறேன் என்றேனே, அது பொன்னான படி. பெருக்கல் 0 என்றால் ஏதோ ஒன்று 0. வேறு எந்த எண்ணுக்கும் இந்தக் குணம் கிடையாது.

இது சாதாரணமாகத் தோன்றலாம். 12 மணிக் கடிகாரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்க. அங்கே 12-ம் 0-ம் ஒன்று. 3 × 4 = 12, அதாவது 0. இரண்டுமே 0 இல்லை, ஆனால் பெருக்கினால் 0 வந்துவிட்டது. அந்தக் கடிகாரத்தில் (ய − 2)(ய − 3) = 0 என்ற சமன்பாட்டுக்கு 2, 3 மட்டும் விடை இல்லை. ய = 6 என்றால் 4 × 3 = 12, அது 0. ய = 11 என்றால் 9 × 8 = 72, 12-ஆல் மீதியில்லாமல் வகுபடும், அதுவும் 0. நாலு விடை. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டுக்கு மேல் தீர்வு கிடையாது என்று நாம் அலட்டிக்கொள்ளாமல் சொல்வது, சாதாரண எண்களில் அந்த 0 குணம் இருப்பதால்தான்.

வகுப்பில் நேரம் செலவழிக்க வேண்டியது இந்தக் குணத்தைப் புரியவைப்பதில்தான். அது புரியாததால் வரும் தவறுகள் எல்லா விடைத்தாளிலும் இருக்கும். (ய − 2)(ய − 3) = 12 என்று கொடுத்தால், ய − 2 = 12 என்று எழுதுவார்கள். சரியான விடை 6, −1. ய² = 5ய என்று கொடுத்தால் இரண்டு பக்கமும் ய-வால் வகுத்து 5 என்று மட்டும் எழுதி, 0 என்ற தீர்வைத் தொலைத்துவிடுவார்கள். காரணி ஜோடி தேடுவதில் நூறு கணக்கு போட்டாலும் இந்தத் தவறு போகாது.

படி ஏறினாலும் காரணிதான் துணைக்கு வரும். ய³ − 7ய + 6 = 0 என்பதில் 1 ஒரு தீர்வு என்று தெரிந்துவிட்டால், (ய − 1)(ய² + ய − 6) என்று பிரித்து, மீதி இருபடிக்கு இறங்கிவிடலாம். சதுரம் நிரப்பும் யோசனையால் மட்டும் இதைச் செய்ய முடியாது. எண்களோடு விளையாடும் கைப்பழக்கம் காரணி தேடுவதில் வளரும் என்று ஆசிரியர்கள் சொல்வதையும் ஒத்துக்கொள்கிறேன். கண்ணுக்குப் பட்டால் எடுத்துக்கொள்ளட்டும். படாவிட்டால் என்ன செய்வது என்பதும் கையில் இருக்கணும், அதுதான் கேட்பது.

வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

புத்தக வரிசையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஒரு சாயங்காலம் இந்த ஆறு கணக்கையும் இதே வரிசையில் போட வைக்கலாம்.

1. ய² = 49. (7-ஐ மட்டும் சொன்னால் −7-ஐக் கேளுங்க.)

2. (ய − 3)² = 49. (ய − 3 என்பது 7 அல்லது −7. விடை 10, −4.)

3. ய² − 6ய + 9 = 49. (இரண்டாவது கணக்கேதான், அடைப்புக்குறியை அவிழ்த்து வைத்திருக்கு. பிள்ளை அதைத் தானாகக் கவனிக்கிறதா என்று பார்க்கணும்.)

4. ய² − 6ய = 40. (சதுரத்துக்கு 9 குறைகிறது. இரண்டு பக்கமும் சேர்த்தால் மூன்றாவது கணக்கு.)

5. கூட்டினால் 6, பெருக்கினால் 7 வரும் இரண்டு எண்கள். (ஊகிக்க விடுங்க, வராது. பிறகு 3 + த, 3 − த என்று ஆரம்பித்துக் கொடுங்க. விடை 3 + √2, 3 − √2.)

6. ய² − 6ய − 40-ஐக் காரணிப்படுத்து. (நாலாவது கணக்கின் விடைகள் 10, −4 என்பதிலிருந்தே (ய − 10)(ய + 4) என்று எழுதிவிடலாம்.)

ஆறாவது கணக்கில் காரணிகள் தீர்விலிருந்து வருகின்றன. பிள்ளை இதை ஒரு தடவை செய்துவிட்டால், பரீட்சையில் ஜோடி கண்ணில் படாதபோது பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்காது.